சங்காயம்: இராமேசுவரம் கரையில் புரதம் போகும் வழி

இராமேசுவரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரை திரும்பும் காலையில், படகின் தட்டிலேயே மீன் மூன்றாகப் பிரிந்துவிடும். இறாலும் கணவாயும் நண்டும் ஐஸ் பெட்டிக்குள் இருக்கும். கம்பெனி ஆட்கள் தரம் பார்த்து, எடை போட்டு அவற்றை எடுத்துப் போவார்கள். அடுத்தது உள்ளூர்ச் சந்தைக்கும் மதுரைக்கும் போகும் கறிமீன். மிச்சம் ஐஸ் படாமல், வெயிலில், பலகைமீது குவிந்து கிடக்கும். காரல், பொடிச் சூடை, விரல் நீளம்கூட வளராத நகரை, நண்டுக்குஞ்சு, பிய்ந்த கால்கள், சிப்பி, கடற்பாசித் துண்டு எல்லாம் ஒன்றாகக் கலந்த குவியல் அது. கரையில் இதைச் சங்காயம் என்பார்கள். கூடையில் அள்ளி வண்டியேற்றி, காயவைத்து, கோழித் தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைக்கும் அனுப்புகிறார்கள்.

அந்தக் குவியலின் பெரும்பகுதி மனிதர் உண்ணத்தக்க மீன். இன்னொரு பகுதி, சில மாதம் கடலில் விட்டிருந்தால் நல்ல விலைக்குப் போகும் கறிமீனாகியிருக்கும். பாக் விரிகுடாவில் இழுவைமடியைக் குறைக்க வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. படகை மாற்றப் பணம் கொடுத்தார்கள், எல்லை வகுத்தார்கள், தடைக்காலம் போட்டார்கள். சங்காயத்தை வாங்கும் தீவனச் சந்தையை மட்டும் யாரும் தொடவில்லை. அந்தச் சந்தை இப்படியே நீடித்தால் இழுவைமடி கரையேறாது என்பது என் முடிவு. இந்தக் கரைக்கு ஒரு புரதக் கொள்கை தேவை, அது சங்காயத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை நிறுவவே இந்தக் கட்டுரை.

புரதத்தைத் தனிக் கொள்கைப் பொருளாக எடுத்து நெடுங்காலம் விவாதித்து வருகிறது ஐரோப்பா. 2018 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட தாவரப் புரத அறிக்கை, ஒன்றிய நாடுகள் ஆண்டுக்குச் சுமார் 1.7 கோடி டன் கச்சாப் புரதத்தை வெளியிலிருந்து வாங்குவதாகவும், அதில் சுமார் 1.3 கோடி டன் சோயா வழியாக வருவதாகவும் கணக்கிட்டது. 2023 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம், ஐரோப்பாவுக்கென ஒரு புரத உத்தி வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. வாங்கும் சோயாவில் மிகப் பெரும்பகுதி கோழி, பன்றி, மாடு ஆகியவற்றின் தொட்டிக்குப் போகிறது. ஆகவே ஐரோப்பாவின் புரதக் கவலை என்பது அடிப்படையில் தீவனக் கவலை.

அந்தக் கவலையின் வரலாற்றில் ஒரு முக்கியமான திருப்பம் கடலில் நடந்தது. பெரு நாட்டின் கரையில் பிடிபடும் ஒருவகை நெத்திலியை அரைத்து மீன்மாவாக்கி உலகெங்கும் விற்றார்கள். 1970இல் அந்த ஒரே இனத்தின் மீன்பாடு 1.2 கோடி டன்னைத் தாண்டியது. அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் 1972இல் எல் நினோ வந்தது. கடல்நீர் சூடேறி, குளிர்ந்த அடிநீர் மேலே வருவது நின்றது. 1973இல் மீன்பாடு 20 லட்சம் டன்னுக்கும் கீழே சரிந்தது. மீன்மாவு கிடைக்காத கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் சோயாவைத் தேடி ஓடின. விலை எகிறியது. தன் நாட்டுச் சந்தையைக் காக்க, 1973 ஜூன் 27 அன்று அமெரிக்க அரசு சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தடை சில நாளிலேயே தளர்ந்துவிட்டாலும் அதன் பின்விளைவுகள் நீண்டன. பிரான்ஸ் உள்நாட்டுப் புரதப் பயிர்களுக்குத் திட்டம் வகுத்தது. ஜப்பான் பிரேசிலின் செராடோ சமவெளியில் சோயா விளைவிக்கப் பணம் போட்டது. பெருக் கரையில் ஒரு பொடிமீன் சரிந்ததற்கும், பிரேசில் நிலம் சோயாக் காடானதற்கும் இடையே இப்படி நேரான ஒரு வழி இருக்கிறது. தீவனப் புரதம் கடலிலிருந்து வந்தாலும் வயலிலிருந்து வந்தாலும் சந்தைக்கு ஒன்றுதான். ஓரிடத்தில் இல்லை என்றால் இன்னோர் இடத்தில் தேடி எடுத்துக்கொள்ளும்.

நம் நிலைமையும் முற்றிலும் வேறல்ல. தமிழகத்தின் ரேஷன் கடைகளில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கொடுக்கிறார்கள். ஏழை வீட்டுக் குழம்பில் புரதம் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் இந்தியா தன் துவரைத் தேவையில் கணிசமான பங்கை மியான்மரிலிருந்தும் மொசாம்பிக், தான்சானியா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வாங்குகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தின் வானம் பார்த்த நிலமோ ஒரு போக நெல்லுக்கும் முண்டு மிளகாய்க்குமே தண்ணீர் தேடும் நிலம். கண்மாய் நிறைந்த ஆண்டில் உளுந்தோ பாசிப்பயறோ கொஞ்சம் கிடைக்கும். இந்த மாவட்டத்துக்கு இயற்கை கொடுத்த புரத வயல், சுமார் 237 கிலோமீட்டர் நீளும் கரையும் அதை ஒட்டிய இரு கடல்களும்தான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. 2018இல் நடுவண் அரசு வளர்ச்சியில் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலைத் தயாரித்தபோது தமிழகத்திலிருந்து இடம்பெற்ற இரண்டில் ஒன்று இராமநாதபுரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊட்டச்சத்து அந்தப் பட்டியலின் அளவுகோல்களில் ஒன்று.

பாக் விரிகுடா ஆழமற்ற கடல். பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. சூரிய ஒளி அடிவரை எட்டுவதால் கடற்புல் மேய்ச்சல் நிலமாக விரிந்திருக்கிறது. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசு அதில்தான் மேய்கிறது. இறாலும் நண்டும் காரலும் அதில்தான் குஞ்சு வளர்க்கின்றன. 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் விரைவிலேயே மண்டபம் முகாமுக்கு வந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இந்தியக் கடல்மீன் ஆய்வின் தலைநகராக மண்டபம் இருந்தது. அங்கே இருந்த அறிஞர்கள் காரல் இனங்களை வகைபிரித்து, முட்டையிடும் காலம் கணித்து, வளர்ச்சி அளந்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். இந்தக் கரையில் இழுவைமடியில் ஏறும் மீனில் காரல் எவ்வளவு முக்கியம் என்பது அறிவியலுக்குப் புதிய செய்தி இல்லை.

1960களில் இழுவைப்படகு பரவியது. நார்வே உதவியோடு கேரளத்தில் தொடங்கிய திட்டமும், அதைத் தொடர்ந்து அரசு கொடுத்த மானியமும், வெளிநாட்டில் இறாலுக்கு எழுந்த கிராக்கியும் சேர்ந்து அதைத் தள்ளிவந்தன. இழுவைமடி தரையைத் தொட்டுப் போகும். இறாலை எழுப்பிப் பிடிக்க அடிமட்டத்தைக் கிளற வேண்டும். கிளறினால் அங்கிருக்கும் எல்லாமும் மடிக்குள் வரும். நாட்டுப்படகுக்காரர்களின் வலைகள் அறுபட்டன. கரையில் மோதல் நடந்தது. அதன் விளைவாக 1970களின் பிற்பகுதியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்ற முறை இந்த மாவட்டத்தில் நிலைத்தது. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நாள் பிரிப்பு சண்டையைத் தணித்தது. கடலுக்குள் போகும் மடிகளின் எண்ணிக்கையையோ அவற்றின் கண்ணியையோ அது மாற்றவில்லை.

தொடக்கத்தில் இறாலுக்காக மட்டுமே மடி இழுத்தார்கள். வேண்டாத மீனைக் கடலிலேயே கொட்டிவிட்டு வருவது வழக்கம். தமிழகத்தில் கோழிப் பண்ணைத் தொழில் வளர்ந்ததும் நிலைமை மாறியது. நாமக்கல் வட்டாரத் தீவனத்துக்குக் காய்ந்த பொடிமீன் தேவைப்பட்டது. கொட்டியதைக் கரைக்குக் கொண்டுவந்தால் காசு என்றானது. பின்னர் இறால் பண்ணைகளும் மீன் பண்ணைகளும் பெருகி, மீன்மாவுக்குத் தனிச் சந்தை உருவானது. ஆரோன் லோபோ, ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டு, ரோஹன் ஆர்தர், ஆண்ட்ரியா மனிக்கா ஆகியோர் சோழமண்டலக் கரை இழுவைப்படகுகளைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்த மாற்றத்தின் உள்பொருளைத் தெளிவாகக் காட்டியது. விலையுள்ள மீன் குறையக் குறைய, இழுவைத்தொழில் நட்டப்பட்டுத் தானாகவே ஒடுங்க வேண்டும். ஒடுங்கினால் கடல் மீளும். ஆனால் பொடிமீனுக்குக் கோழித்தீவனச் சந்தை விலை கொடுப்பதால், இறால் கிடைக்காத நாளிலும் டீசல் செலவைத் தாங்கிக்கொண்டு படகு கடலுக்குப் போகிறது. பொருளாதாரக் கணக்கில் எப்போதோ நின்றிருக்க வேண்டிய தொழிலை, சங்காயம் இழுத்துப் பிடித்து ஓட்டுகிறது.

இந்த ஒரு கண்டுபிடிப்பு, பாக் விரிகுடா பற்றி நாம் பேசும் எல்லாவற்றையும் திருப்பிப் போடுகிறது. சங்காயத்தை இழுவைத் தொழிலின் பக்கவிளைவு என்றுதான் வழக்கமாகச் சொல்கிறோம். உண்மையில் அது அத்தொழிலின் கைத்தடி.

இப்போது கணக்குக்கு வருவோம். நூறு கிலோ பச்சை மீனில் சுமார் 17, 18 கிலோ புரதம் இருக்கும். அதை அரைத்து, வேகவைத்து, பிழிந்து, உலர்த்தினால் 20 முதல் 25 கிலோ மீன்மாவு கிடைக்கும். அதில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் புரதம். இந்தப் படியில் இழப்பு பெரிதில்லை, 13, 14 கிலோ புரதம் தேறும். அடுத்த படியில்தான் சரிவு. கோழியோ இறாலோ தான் தின்னும் புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் நாம் உண்ணும் புரதமாகத் திருப்பித் தருகிறது. மிச்சம் அதன் உயிர்வாழ்வுக்கும் எச்சத்துக்கும் போகிறது. ஆக, கடலிலிருந்து எடுத்த 17 கிலோவில் மனிதர் தட்டுக்கு வருவது மூன்று, நான்கு கிலோ.

இந்தக் கணக்குக்கு நியாயமான மறுப்பு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கோழித் தீவனத்தில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான் பெரும்பங்கு. மீன் சிறு பங்கு. தானியத்தில் குறைவாக உள்ள லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களை மீன் ஈடுசெய்வதால் மற்றத் தீவனமும் நன்றாகச் செரிக்கிறது. முட்டை கடலைப் பார்க்காத ஊர்ப் பிள்ளைக்கும் போய்ச்சேர்கிறது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்து, பின்னர் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்றானதே தமிழகம் கண்ட மிகப் பெரிய புரதக் கொள்கை என்று நான் நினைக்கிறேன். பாம்பன் கரையில் காய்ந்த மீன் நாமக்கல் வழியாக முட்டையாகி ஒரு பள்ளித் தட்டில் விழுந்தால் அதை முழு வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கோழித் தீவனத்தில் மீனின் இடத்தைச் சோயாப் புண்ணாக்கும் தனியே தயாரிக்கும் அமினோ அமிலங்களும் எடுத்துக்கொள்ள முடியும். பல பண்ணைகளில் எடுத்தும்விட்டன. மணலும் உப்பும் கலந்த காய்ந்த மீனைவிட அவற்றின் தரம் சீராக இருப்பதே காரணம். மீன்மாவை விடாமல் கேட்பது நீர்வாழ் உயிர்ப் பண்ணைத்தொழில். உலக உணவு வேளாண் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022இல் மனிதர் நேரடியாக உண்ணாத நீர்வாழ் உயிரின உற்பத்தி சுமார் 2.08 கோடி டன். அதில் 83 விழுக்காடு மீன்மாவுக்கும் மீன் எண்ணெய்க்கும் போனது. 2017இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு, மீன்மாவுக்குப் போகும் மீனில் 90 விழுக்காடு மனிதர் உண்ணத் தகுந்தது என்று மதிப்பிட்டது.

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணைகள் வந்த கதையை இங்கே விரிக்கத் தேவையில்லை. 1996 டிசம்பரில் எஸ். ஜெகந்நாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், 2005இல் கரையோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு ஆணையம் அமைத்துச் சட்டம் வந்ததும், 2009இல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்ததும் பலர் அறிந்தவை. தீவனம் என்ற கோணத்தில் பார்த்தால் ஒரு விஷயம்தான் முக்கியம்: இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதியில் பெருவருவாய் தருவது உறைந்த இறால், அதன் தீவனத்தில் மீன்மாவு இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு விருந்து மேசைக்கு இறால் போகும்போது, நம் கரையின் பொடிமீனும் அதற்குள் இருந்து போகிறது. தன் பன்றிக்கு வேண்டிய சோயாவால் பிரேசில் காடு அழியக்கூடாது என்று 2023இல் காடழிப்புத் தடுப்பு விதிமுறையை இயற்றிய ஐரோப்பிய ஒன்றியம், இறாலின் தீவனத்துக்காகக் கடலடி சுரண்டப்படுவதை அந்த விதிமுறையில் சேர்க்கவில்லை.

மண்டபத்திலிருந்தே வந்த இன்னொரு முயற்சியையும் எடைபோட வேண்டும். 2010இல் மண்டபம் ஆராய்ச்சி மையம் கடல் விராலை வளர்ப்புச் சூழலில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தது. இந்தியாவில் அதுவே முதல்முறை. வேகமாக வளரும் மீன். கூண்டுகளில் வளர்த்து மீனவருக்கு மாற்றுத் தொழிலாகக் கொடுத்தார்கள். முனைக்காடு கடலில் கூண்டைச் சுற்றிக் கடற்பாசி மிதவைகளை நிறுத்தி, மீன் எச்சத்தின் சத்தைப் பாசி உறிஞ்சிக்கொள்ளும் கூட்டு வளர்ப்பையும் செய்துகாட்டினார்கள். தனியே வளர்ந்த பாசியைவிடக் கூண்டோரப் பாசி அதிகம் விளைந்தது. அறிவியலாக இது அழகான வேலை, எனக்கு அதில் பெருமையும் உண்டு. ஆனால் கூண்டுக்குள் இருக்கும் கடல் விராலுக்குக் கரையில் போடுவது நறுக்கிய சூடையும் சாளையும். ஒரு கிலோ கடல் விராலுக்குப் பல கிலோ பொடிமீன் ஆகிறது. கூலிக்காரர் வாங்கக்கூடிய மீனைப் போட்டு உணவகத்துக்குப் போகும் மீனை வளர்க்கிறோம். மீனவரின் வருமானத்துக்கு அது உதவலாம். புரத உற்பத்தி என்று அதைக் கணக்கில் எழுதக் கூடாது.

கடற்பாசிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2022 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் பாசித் துறையை வளர்க்க 23 நடவடிக்கைகளை அறிவித்தது. எதிர்காலப் புரதம் என்ற பேச்சும் அதோடு வந்தது. நம் பக்கம் 2023 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். மண்டபம், பாம்பன் பக்கக் கடலோரத்தில் இந்த விவசாயம் நடப்பதை நேரில் பார்த்தால் அதன் எளிமை வியப்பைத் தரும். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் சட்டம், குறுக்கே கயிறுகள், கயிறு நெடுகப் பெண்கள் உட்கார்ந்து விதைப்பாசியைத் துண்டு துண்டாக முடிந்துகொண்டே போவார்கள். அடியில் மேய்ச்சல் மீன் தின்னாமல் இருக்க ஒரு பழைய வலை. 45 நாளில் அறுவடை. கொஞ்சத்தை மறுபடி விதையாக எடுத்துக்கொண்டு மிச்சத்தை மணலில் காயப்போடுவார்கள். சுய உதவிக் குழுப் பெண்களின் கைக்கு நேராகக் காசு வரும் தொழில் இது, இந்தக் கரையில் அது சிறிய விஷயம் அன்று. பாசி சேகரிக்கும் சின்னப்பாலம் லட்சுமி 2015இல் தீவுச் சூழல் காப்புக்கான சீகாலஜி பரிசு பெற்றபோது, தலைமுறையாக மரிக்கொழுந்துப் பாசிக்கும் கட்டக்கோரைக்கும் தீவுகளில் மூழ்கி எடுத்த பெண்களின் உரிமையும் உலகின் காதில் விழுந்தது.

இருந்தாலும் மிதவையில் வளரும் கப்பாஃபைகஸ் என்பது காரஜீனன் என்ற கூழ்ப்பொருளுக்கான பாசி. ஐஸ்கிரீமும் பற்பசையும் கெட்டியாக நிற்க உதவும் மாவுச்சத்து அது. புரதத்துக்காக யாரும் அதை வளர்ப்பதில்லை. 2013 வரை ஏறி, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 டன் உலர்பாசியைத் தொட்ட விளைச்சல், அதன்பின் கடல் சூடேறியதும் பெருமளவு பாசி மடிந்ததால் விழுந்தது. குருசடைத் தீவின் பவளப்பாறைமீது இந்த வெளிநாட்டுப் பாசி படர்ந்ததை 2008இலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 1986 முதல் கடல் தேசியப் பூங்காவாக இருக்கும் 21 தீவுகளில் அதுவும் ஒன்று. கடற்பாசியைப் பெண்களின் வருமானமாக ஆதரிப்போம், படரும் இடத்தைக் கண்காணிப்போம். பொடிமீனுக்குப் பதில் பாசி என்று திட்ட அறிக்கையில் எழுதினால் அது இல்லாத புரதத்துக்குக் கணக்கு எழுதுவதாகும்.

ஆக, புதிதாக உற்பத்தி செய்வது பற்றிய பேச்சு எல்லாம் பொடிமீனிடமே திரும்பி வருகிறது. அந்த மீன் உண்மையில் உண்ணத் தக்கதா? காரப்பொடி எனப்படும் சிறு காரலைக் கேளுங்கள். இந்தக் கரையில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் தேடி வாங்கும் மீன் அது. இளசான காரலைப் பூண்டும் மிளகும் போட்டு அவித்தோ, தேங்காய்ப்பால் சொதியாகவோ கொடுப்பார்கள். நறுக்காமல் முள்ளோடு உண்ணும் சிறுமீனில் புரதத்தோடு சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் உயிர்ச்சத்து ஏயும் சேர்ந்து வருகின்றன. பெரிய மீனின் துண்டில் இவை இந்த அளவுக்கு இருப்பதில்லை. வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் வேண்டியது இதுதான். அதே மீன் விசைப்படகில் ஐஸ் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்ததும் தீவனமாகிவிடுகிறது. ஐஸ் பெட்டியில் இறாலுக்கு இடம் கொடுத்த பிறகு, கிலோவுக்குச் சொற்ப விலை பெறும் மீனுக்கு யார் ஐஸ் போடுவார்கள்? தீவன விலைதான் அதன் தரத்தை முடிவு செய்கிறது.

கருவாட்டிலும் இதே நிலை. இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன் கரைகளில் மீன் உலர்த்துவது பெரும்பாலும் பெண்களின் தொழில். உண்ணும் கருவாட்டுக்கு மீனைக் கழுவ நல்ல தண்ணீர், அளவான உப்பு, மணல் படாத உயர்ந்த மேடையோ வலைப் பந்தலோ, மழைக்கு மூட ஒரு கூரை வேண்டும். தீவனத்துக்கு மணலே போதும். முதல் வகைக்கு முதலீடு தேவை. சொந்த இடமும் தண்ணீர்க் குழாயும் இல்லாத பெண் இரண்டாவது வகைக்கே தள்ளப்படுகிறாள். விசைப்படகுக்குக் கோடிக் கணக்கில் கடனும் மானியமும் ஒதுக்கிய அரசு, உலர்தளத்துக்கு ஒதுக்கியது அதற்குப் பக்கத்தில் நிற்காது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் வேர்ல்டுஃபிஷ் அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து, அங்கன்வாடி வழியே கருவாட்டையும் கருவாட்டுத் தூளையும் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். செய்வதற்குரிய தொழில்நுட்பம் எளிது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் சூரிய உலர்த்திகளைப் பல ஆண்டுகளாகச் செய்து தருகிறது. மீன் உண்ணும் ஊர்களில் மட்டும், விரும்பிக் கேட்கும் தாய்மாருக்கு மட்டும் என்று இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர அங்கன்வாடிகளில் இதைத் தொடங்கத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைத்துப் பேசினால் முழு வாதமும் கெட்டுவிடும். சங்காயத்தில் கணிசமான பங்கு குஞ்சு மீன். அதற்கு மனிதர் உண்ணும் விலை கிடைத்தால் இன்னும் அதிகமாகக் குஞ்சை அள்ளுவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 2013இல் திருத்திய பொது மீன்வளக் கொள்கை, பிடித்த மீனைக் கடலில் கொட்டக் கூடாது, கரைக்குக் கொண்டுவந்து கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. 2019க்குள் படிப்படியாக முழு நடைமுறைக்கு வந்தது. குறைந்தபட்ச அளவைவிடச் சிறிய மீனை மட்டும் மனிதர் உணவாக விற்கத் தடை. மீன்மாவு போன்றவற்றுக்கே விற்கலாம். விலை குறைந்தால் ஆசை குறையும் என்பது எண்ணம். அங்கே அந்தத் தர்க்கத்துக்கு இடம் இருக்கலாம். சோழமண்டலக் கரையில் அது பொருந்தாது. இங்கே இழுவைமடியைக் காப்பாற்றுவதே அந்தத் தீவன விலைதான்.

நமக்கு நெருக்கமான முன்மாதிரி கேரளம். குஞ்சு மத்தி அண்டை மாநில மீன்மாவு ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவதைப் பார்த்த கேரள அரசு, 2015இல் தொடங்கி, பின்னர் 58 இனங்களுக்குக் குறைந்தபட்சப் பிடி அளவை நிர்ணயித்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்த மீனோடு பிடிபட்ட படகுகளுக்கு அபராதமும் போட்டது. குஞ்சு மீனுக்கு எந்தச் சந்தையும், தீவனச் சந்தை உட்பட, திறந்திருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். வளர்ந்த சிறுமீனும் வளராத குஞ்சும் வேறு வேறு. காரலும் நெத்திலியும் சூடையும் முழு வளர்ச்சியிலும் சின்ன மீன்கள். அவை தட்டுக்கு வரட்டும். நகரைக் குஞ்சும் விளமீன் குஞ்சும் கடலில் இருக்கட்டும். இழுவைமடியின் கடைசிப் பையான தூர்மடியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று தமிழகத்தில் விதி இருக்கிறது. கரையில் குவியும் சங்காயத்தைப் பார்த்தாலே அந்த விதி எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். கடலில் ஒவ்வொரு மடியையும் அளப்பது கடினம். சங்காயம் வாங்கும் கிடங்கும் மீன்மாவு ஆலையும் எண்ணிவிடக்கூடியவை. குஞ்சு மீன் வாங்கிய ஆலைக்கு உரிமத்தில் கை வைத்தால் மடியின் கண்ணி தானே பெரிதாகும்.

ஆலைகளுக்கு வேறு மூலப்பொருள் இல்லையா என்றால், இருக்கிறது. இறால் தலை, ஓடு, மீன் குடல், செதில், கணவாய்க் கழிவு என்று பதனிடும் நிலையங்களிலும் சந்தைகளிலும் சேர்வது ஏராளம். மனிதர் உண்ண முடியாதது தீவனமாகட்டும், இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தத் தொழிலும் சுத்தமாக நடக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் பொட்டலூரணி மக்கள், ஊருக்கு அருகே இயங்கும் மீன்கழிவு ஆலைகளை மூடக் கோரி 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். துர்நாற்றமும் கழிவுநீரும் ஓர் ஊரை அந்த முடிவுக்குத் தள்ளுமென்றால், தீவன ஆலைகளின் அனுமதியில் எவ்வளவு அலட்சியம் இருந்திருக்க வேண்டும்.

படகை மாற்றும் திட்டத்தின் கதையும் சங்காயத்திடமே வருகிறது. 2017 ஜூலையில் இராமேசுவரத்தில் அப்துல் கலாம் நினைவிடத் திறப்பின்போது, பாக் விரிகுடா இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். மூன்று ஆண்டில் 2,000 படகு என்பது இலக்கு. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 விழுக்காடு மானியம். அதே மாதம் இலங்கை நாடாளுமன்றம் அடிமட்ட இழுவையைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. திட்டம் இலக்கின் அருகில்கூட வரவில்லை. ஒரே நாளில் போய்த் திரும்பிப் பழகியவர்களுக்குப் பல நாள் சூரைத் தொழில் புதிது, சொந்தப் பங்கும் வங்கிக் கடனும் சுமை, படகை நிறுத்த மூக்கையூர் போன்ற ஆழ்கடல் வாய்ப்புள்ள துறைமுகங்களுக்கு இடம் மாற வேண்டும் என்று காரணங்கள் பல சொன்னார்கள். எல்லாம் உண்மை. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: பழைய படகை வைத்திருப்பவருக்கு, இறால் இல்லாத நாளிலும் சங்காயம் கைகொடுத்தது. அந்தக் கை இருக்கும்போது ஒருவர் ஏன் எல்லாவற்றையும் விட்டு ஆழ்கடலுக்குப் போவார்?

சங்காய வருமானம் நின்றால் முதலில் அடி விழுவது படகு உரிமையாளருக்கு மட்டுமல்ல, கூலிக்குக் கடலுக்குப் போகும் ஆட்களுக்கும் உலர்த்தும் பெண்களுக்கும் சேர்த்துத்தான். ஆகவே அந்த இழப்பைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும். இதற்கு முன்னுதாரணம் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. மீன் முட்டையிட இடம் விடுவதற்காக மீனவர் இழக்கும் வருமானத்துக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அந்தத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தார். மீனைக் கடலில் விட்டுவைத்ததற்குக் காசு கொடுக்கலாம் என்ற கொள்கையைத் தமிழகம் ஒப்புக்கொண்டு நெடுநாளாகிறது. சரியான கண்ணியுள்ள தூர்மடியோடு, குஞ்சு இல்லாமல் கரை சேரும் படகுக்கும் அதே நிவாரணத்தில் ஒரு பங்கைக் கொடுக்கத் தனிச் சட்டம் தேவையில்லை. மீன்வளத் துறையின் ஓர் அரசாணை போதும்.